திறப்பது எளிது, மூடுவதுதான் வித்தை: சன்ரூஃப் இயங்கும் விதம்

காரின் கூரையில் ஓட்டை போடுவது பெரிய காரியமில்லை. தகடு வெட்டத் தெரிந்த டிங்கர் ஒருவர் ஒரு பொழுதில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த ஓட்டையை மறுபடி மூடுவதுதான் காரியம். மூடிய கண்ணாடி கூரையோடு ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் விசிலடிக்கக் கூடாது. குண்டும் குழியுமான சாலையில் கடகடக்கக் கூடாது. மழைநீர் தலையில் சொட்டக் கூடாது. குறுக்கே ஒரு குழந்தையின் விரல் இருந்தால் நசுக்காமல் பின்வாங்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சிறிய மோட்டார், வெயிலிலும் தூசியிலும், ஆண்டுக்கணக்கில் செய்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் இடமோ கூரைத் தகட்டுக்கும் உள்பக்க விரிப்புக்கும் நடுவே சில சென்டிமீட்டர் உயரம் மட்டும். அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் உட்கார்ந்திருப்பவரின் தலை இடிக்கும்.

இன்று கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது சன்ரூஃப் இருக்கிறதா என்றுதான். சின்ன கார்களில்கூட அது வந்துவிட்டது. ஸ்விட்சை அழுத்தினால் திறக்கிறது, மறுபடி அழுத்தினால் மூடுகிறது. இடையில் தலைக்கு மேலே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத அந்தப் பகுதியில் கணினி செய்யும் வேலையைவிட, ஒரு கம்பியின் சுருளும் ஒரு தகட்டில் வெட்டிய பள்ளமும் செய்யும் வேலையே அதிகம்.

துணியிலிருந்து தகட்டுக்கு

1920களில் நாற்புறமும் மூடிய கார்கள் பரவத் தொடங்கின. தூசியும் மழையும் தொலைந்தன. கூடவே வானமும் போயிற்று. வானத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்காகக் கூரையில் நகரும் பலகை வைக்கும் பழக்கம் தோன்றியது. பிரிட்டனில் பிட்ச்லி என்ற பெயரில் வந்த நகரும் கூரை அந்நாளில் பெயர்பெற்றது. அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் தன் 1937ஆம் ஆண்டு மாடலில் சன்ரூஃபை அளித்தது. ஜெர்மனியில் 1901இல் தொடங்கப்பட்ட வெபாஸ்டோ, கார்களுக்கான மடக்குக் கூரைகளைச் செய்து இந்தத் தொழிலில் வேரூன்றியது. அந்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற ஹைன்ஸ் பிரெக்டர் 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கன் சன்ரூஃப் கம்பெனியைத் தொடங்கிய பிறகு, அங்கும் அது பரவியது. இப்போது இந்தத் தொழில் நம் பக்கமும் வந்திருக்கிறது: நெதர்லாந்தின் இனால்ஃபாவும் இந்தியாவின் கேப்ரியலும் சேர்ந்து சென்னையில் அமைத்த சன்ரூஃப் ஆலை 2024இல் திறக்கப்பட்டது.

இயந்திர நுட்பத்தைப் பொறுத்தவரை முக்கியமான திருப்பத்தை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் பார்க்கலாம். 1963 வரை அதில் வந்த திறப்புக் கூரை துணியால் ஆனது. 1964ஆம் ஆண்டு மாடலிலிருந்து துணி போய் எஃகுத் தகடு வந்தது. உள்ளே ஒரு கைப்பிடியைச் சுழற்றித் திறக்க வேண்டும். துணி என்றால் மடிப்பு மடிப்பாகப் பின்னால் ஒதுக்கிவிடலாம். தகடு மடியாது. முழுப் பலகையும் எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும். பின்பக்கக் கூரைக்கு அடியில் ஒளியலாம்தான். ஆனால் மூடியிருக்கும்போது இந்தப் பலகையும் அந்தக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவே? ஒரே மட்டத்தில் உள்ள ஒன்று மற்றொன்றின் அடியில் நுழைய முடியாது. முதலில் கீழே இறங்கி, பிறகுதான் பின்னால் நகர வேண்டும். மூடும்போது முன்னால் வந்து, மிகச் சரியான இடத்தில் நின்று, நேராக மேலே எழும்ப வேண்டும்.

ஆக, இரண்டு திசைகளில் இயக்கம், இரண்டு பக்கத் தண்டவாளங்கள், சுழற்றுவதற்கு ஒரே ஒரு கைப்பிடி. கைப்பிடியின் இடத்தில் இன்று மோட்டார் வந்திருக்கிறது. கணக்கு அதேதான்.

தள்ளினாலும் மடங்காத கம்பி

முதலில் இரண்டு பக்கங்களின் கதை. கண்ணாடியின் இடது ஓரமும் வலது ஓரமும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடுகின்றன. இவை மிகச் சரியாக ஒன்றாக நகர வேண்டும். ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் முந்திவிட்டால் கண்ணாடி கோணலாகும். கோணலானால் அதன் மூலைகள் தண்டவாளச் சுவரில் முட்டும். முட்டினால் உராய்வு கூடி இன்னும் கோணலாகும். கடைசியில் எவ்வளவு தள்ளினாலும் நகராமல் இறுகிவிடும்.

பக்கத்துக்கு ஒரு மோட்டார் வைத்தால் இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது தலைவலி. எனவே நடுவில் ஒரே மோட்டாரை வைத்து, அதன் விசையை இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஒரு திருப்பம் உண்டு. எனவே விறைப்பான கம்பி உதவாது, வளையும் கம்பிதான் வேண்டும். ஆனால் வளையும் கம்பியை இழுக்கலாம், தள்ள முடியாதே? சன்ரூஃபைத் திறக்கவும் மூடவும் இரண்டுமே வேண்டும்.

இதற்கு வந்த விடைதான் சுருள் கேபிள். நடுவில் எஃகு இழைகளாலான ஒரு கரு. அதைச் சுற்றி ஒரு கம்பியைச் சீரான இடைவெளி விட்டு, திருகாணியின் மரைபோலச் சுற்றியிருப்பார்கள். மொத்தத் தடிமன் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவிலுள்ள பள்ளங்களில் மோட்டாரின் பற்சக்கரம் பல் பதித்துப் பிடிக்கிறது. சக்கரம் சுழலச் சுழலக் கேபிள் பல்பல்லாக நகர்கிறது. வளைந்து கொடுக்கும் பற்சட்டம் என்றே இதைச் சொல்லலாம். வழுக்கல் இல்லை, சக்கரம் இத்தனை பல் சுழன்றால் கேபிள் இத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பது உறுதி.

தள்ளும்போது மடங்காமல் இருப்பதற்குக் காரணம் கேபிளில் இல்லை, அது ஓடும் குழாயில் இருக்கிறது. ஒரு மெல்லிய தண்டை முனையில் அழுத்தினால் எப்போது நொடிக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். தாங்குதல் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால், அது தாங்கும் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். தாங்குதல் இல்லாத நீளத்தைச் சில மில்லிமீட்டராகச் சுருக்கிவிட்டால் கம்பி பெரும் விசையையும் தாங்கும். கேபிளை ஒட்டினாற்போல் இறுக்கமான குழாய் அல்லது அலுமினியத் தண்டவாளத்தின் காடி அதைத்தான் செய்கிறது. நொடிக்க நினைத்தாலும் கம்பிக்கு இடமில்லை.

இரண்டு பக்கங்களையும் ஒன்றாக ஓட்டும் உபாயம் அழகானது. பற்சக்கரத்தின் முன்பக்கமாக ஒரு கேபிளும் பின்பக்கமாக இன்னொன்றும் போகின்றன. சக்கரம் சுழன்றால் ஒன்று இடப்புறமாகவும் மற்றது வலப்புறமாகவும், எதிரெதிர்த் திசைகளில் நகரும். இடப்புறம் போவது இடது மூலையில் திரும்பிப் பின்னோக்கி ஓடுகிறது. வலப்புறம் போவது வலது மூலையில் திரும்பி அதுவும் பின்னோக்கியே ஓடுகிறது. எதிரெதிராகப் புறப்பட்டவை ஒரே திசையில் ஒரே அளவு நகர்கின்றன. இரண்டும் ஒரே சக்கரத்தின் பற்களில் மாட்டியிருப்பதால் ஒன்று முந்த வழியே இல்லை. சுழற்சியை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே முன்னோக்கி வரும்.

இதற்குக் கொடுக்கும் விலை உராய்வு. வளைவில் ஓடும் கம்பி குழாயின் சுவரை அழுத்திக்கொண்டே போகும். உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், 90 பாகைத் திருப்பம் ஒன்றைக் கடக்கவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் விசை வேண்டும். அதனால்தான் கேபிளுக்குக் கிரீஸ் போடுகிறார்கள். சுருள்களின் இடைவெளியில் மெல்லிய நைலான் இழைகளைப் பூச்சாக ஒட்டி, குழாய்க்குள் கம்பி தடதடக்காமலும் பார்த்துக்கொள்கிறார்கள். உராய்வைச் சமாளித்துவிட்டால் இந்தக் கேபிள் வெகுதூரம் போகும். 1980களில் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124 வகைக் கார்களில் சன்ரூஃபின் மோட்டார் கூரையிலேயே இல்லை. அது இருந்தது பின்பக்க டிக்கிக்குள். கேபிள்கள் அங்கிருந்து ஏறிக் கூரைக்குப் போய்க் கண்ணாடியை நகர்த்தின.

பள்ளம் போடும் கட்டளை

கேபிளுக்குத் தெரிந்தது முன்னும் பின்னும் போவது மட்டுமே. கண்ணாடிக்கோ ஏறவும் இறங்கவும் சாயவும் தெரிய வேண்டும். நேர்கோட்டு நகர்வை இத்தனை வித அசைவுகளாக மாற்றுவது, கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மாட்டிய உலோகத் தகட்டில் வெட்டப்பட்ட ஒரு நீளமான பள்ளம்.

கேபிளின் முனையில் ஒரு சறுக்குக் கட்டை இருக்கிறது. அதிலிருந்து நீளும் ஊசி இந்தப் பள்ளத்துக்குள் நிற்கிறது. பள்ளத்தின் நடுப்பகுதி தட்டை. ஊசி அங்கே நிற்கும்போது கண்ணாடி கூரை மட்டத்தில் மூடியிருக்கும். கட்டை ஒரு பக்கம் நகர்ந்தால் ஊசி சரிவான பகுதியில் நுழைந்து கண்ணாடியின் பின்விளிம்பை மேலே தூக்கும். இதுதான் சாய்வுத் திறப்பு. ஓடும் காரின் கூரைக்கு மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால், உள்ளே தேங்கிய சூடான காற்று அந்த இடுக்கு வழியே வெளியே உறிஞ்சப்படும். கட்டை எதிர்ப்பக்கம் நகர்ந்தால் ஊசி மறுபக்கச் சரிவில் ஓடிக் கண்ணாடியைக் கூரை மட்டத்துக்குக் கீழே இறக்கும். பள்ளத்தின் கடைசிக்கு ஊசி வந்ததும் மேற்கொண்டு போக வழியில்லை. அதற்குப் பிறகு கட்டை நகர்ந்தால் கண்ணாடியும் கூடவே இழுபட்டுப் பின்னால் போகும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஊசி சரிவில் ஓடும்போது கண்ணாடி இறங்குவதற்கு முன்பே பின்னால் இழுபட்டுவிட்டால்? கூரைத் தகட்டில் போய் முட்டும். அதைத் தடுக்க ஒரு சின்னப் பூட்டுக் கட்டை உண்டு. தண்டவாளத்தில் செதுக்கிய குழியில் அது விழுந்து கிடக்கும்வரை கண்ணாடி முன்னும் பின்னும் அசையாது; ஏறவும் இறங்கவும் மட்டுமே முடியும். இறங்கி முடிந்த கணத்தில் சறுக்குக் கட்டையே அந்தப் பூட்டைக் குழியிலிருந்து கிளப்பிவிடும். மூடும்போது நடப்பது இதன் தலைகீழ். கண்ணாடி முன்னால் வருகிறது; பூட்டு தன் குழியைக் கண்டுபிடித்து விழுகிறது; அதற்குப் பிறகே ஊசி சரிவில் ஏறிக் கண்ணாடியை மேலே தூக்குகிறது. எது முதலில், எது பிறகு என்ற வரிசை எந்தச் சிப்பிலும் எழுதப்படவில்லை. உலோகத்தின் வடிவத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. மோட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் சுழல்வது ஒன்றுதான்.

பள்ளத்தின் நடுவில் தட்டையான பகுதி இருப்பதற்கும் காரணம் உண்டு. மோட்டார் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே நின்றுவிட்டாலும் ஊசி அந்தத் தட்டைப் பகுதிக்குள்ளேயேதான் இருக்கும். கண்ணாடியின் உயரம் மாறாது. பிழைக்கு இடம்விட்டுத் துல்லியத்தை அடையும் தந்திரம் அது. அப்படியிருந்தும் மெக்கானிக்குகள் பொருத்தும்போது உயரத்தைத் திருகாணியால் நுணுக்கமாகச் சரிசெய்வார்கள். பொதுவான வழக்கம் இது: கண்ணாடியின் முன்விளிம்பு கூரையைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தும், பின்விளிம்பு ஒரு மயிரிழை உயர்ந்தும் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கு மிகாமல். முன்விளிம்பு உயர்ந்து நின்றால் எதிர்க்காற்று அதில் மோதிச் சத்தம் போடும்.

இப்போது பரவலாகிவரும் பனோரமிக் கூரையில் பின்பக்கமும் கண்ணாடி. அடியில் நுழைய இடமில்லை. நுழைந்தால் பின்னிருக்கைக்காரர் தலையில் இடிக்கும். எனவே முன்கண்ணாடி கீழே இறங்குவதற்குப் பதில் மேலே எழும்பி, பின்கண்ணாடிக்கு மேலாகச் சறுக்கிப் போகிறது. பள்ளத்தின் வடிவமும் நெம்புகோல்களும் மாறுகின்றன. சுருள் கேபிளும் ஊசியும் அப்படியே இருக்கின்றன.

பின்னோக்கிச் சுழலாத கியர்

மூடியது மூடியபடி இருக்க வேண்டும். சொல்ல எளிதாக இருக்கிறது. 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலமும் 50 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமும் கொண்ட கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம், பரப்பு 0.45 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எடை ஐந்தரை கிலோ. கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு 460 நியூட்டன் அளவில் இருக்கும். கூரை மேல் உண்டாகும் உறிஞ்சல் அதில் பாதி என்று கொண்டாலே, கண்ணாடியை மேல்நோக்கி இழுக்கும் விசை 100 நியூட்டன் வருகிறது. அதாவது கண்ணாடியின் சொந்த எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேக் போடும்போது கண்ணாடி முன்னோக்கிப் பாயப் பார்க்கும். வேகம் எடுக்கும்போது பின்னோக்கி.

இத்தனைக்கும் ஈடுகொடுக்க மோட்டாரில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதில்லை. மோட்டாருக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே வார்ம் கியர் வைத்திருக்கிறார்கள். திருகாணி போன்ற ஒரு தண்டு, ஒரு பற்சக்கரத்தின் மேல் படிந்து சுழலும். தண்டு பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். மோட்டாரின் அசுர வேகம் குறைந்து, விசை பெருகுவது ஒரு பயன். இன்னொரு பயன் அதைவிடப் பெரியது. தண்டால் சக்கரத்தைச் சுழற்ற முடியும். சக்கரத்தால் தண்டைச் சுழற்ற முடியாது. மரையின் சாய்வு அவ்வளவு குறைவாக இருப்பதால், சக்கரம் தள்ளும் விசை முழுவதையும் உராய்வே விழுங்கிவிடும். கண்ணாடியைக் கையால் தள்ளினாலும் காற்று இழுத்தாலும் அது நகராததற்குக் காரணம் இந்த ஒருவழிப் பாதைதான்.

மின்சாரம் போனாலும் கண்ணாடி இருந்த இடத்திலேயே நிற்கும் என்பது இதன் நல்ல பக்கம். பாதி திறந்த நிலையில் மோட்டார் பழுதானால் அங்கேயே நின்றுவிடும் என்பது கெட்ட பக்கம். இதற்காகவே பல கார்களில், உள்பக்க விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் அச்சில் ஆறுமுகக் குழி ஒன்று தெரியும். கூடவே தரும் சாவியை அதில் நுழைத்துக் கையால் சுழற்றி மூடலாம். 1964ஆம் ஆண்டு பீட்டிலின் கைப்பிடி அவசரத்துக்கு மட்டும் திரும்பி வருகிறது.

விரலா, தூசியா?

மோட்டார் வந்த பிறகு புதிதாக முளைத்த ஆபத்து ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுழற்றுகிறவருக்கு, ஏதோ தடுக்கிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும். மோட்டாருக்கு அந்த உணர்ச்சி இல்லை. அதைச் செயற்கையாக ஊட்ட வேண்டும்.

மோட்டாரின் அச்சில் ஒரு காந்த வளையம் மாட்டியிருக்கும். பக்கத்தில் இரண்டு ஹால் உணரிகள். காந்தத்தின் வட, தென் முனைகள் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அவை ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்புகளை எண்ணினால் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டில் எது முந்துகிறது என்று பார்த்தால் எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். துடிப்புகளுக்கிடையிலான நேரத்தை அளந்தால் வேகம் தெரியும். வழக்கமாக எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைவில் வைத்திருக்கும். வேகம் அதைவிடத் திடீரென்று குறைந்தால், ஏதோ குறுக்கே இருக்கிறது என்று முடிவெடுத்து உடனே பின்னோக்கி ஓட்டும்.

எவ்வளவு விசைக்குள் பின்வாங்க வேண்டும்? அமெரிக்காவின் 118ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரநிலை, ஆள் ஸ்விட்சைப் பிடித்திராமல் தானே மூடிக்கொள்ளும் கூரைகளுக்கு 100 நியூட்டன் என்ற எல்லையை வைத்திருக்கிறது. ஏறக்குறைய பத்து கிலோ எடையின் அழுத்தம். 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கோலை இடையில் வைத்துச் சோதிப்பார்கள். கீழ் எல்லை ஏன் 4 மில்லிமீட்டர்? ஒரு குழந்தையின் சுண்டுவிரல்கூட அதைவிடத் தடிமன். அதோடு, கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் கண்ணாடி ரப்பர் பீடிங்கை அழுத்தி நெருக்க வேண்டும். அங்கே மோட்டாருக்கு முழு பலமும் தேவை. விரலுக்கு இளகவும் ரப்பருக்கு இறுகவும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடுதான் அந்த 4 மில்லிமீட்டர்.

இந்த அறிவுக்கும் ஒரு குறை உண்டு. அது அளப்பது வேகக் குறைவை மட்டுமே. வேகம் குறைந்தது விரலாலா, தண்டவாளத்தில் காய்ந்துபோன கிரீஸாலா என்று அதற்குத் தெரியாது. ஒன்றுமே குறுக்கே இல்லாதபோது மூடப்போன கண்ணாடி பாதியில் திரும்பித் திறந்துகொள்வதற்குப் பெரும்பாலும் தண்டவாளத் தூசிதான் காரணம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் துடிப்பு எண்ணிக்கை மறந்துபோகும். அப்போது ஒரே தொடுதலில் மூடும் வசதி நின்றுவிடும். கார்க் கையேட்டில் சொன்னபடி ஸ்விட்சைத் தொடர்ந்து பிடித்திருந்தால், கண்ணாடி ஒருமுறை முழுவதும் ஓடி எல்லைகளைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

விரலைக் காக்கும் இந்த ஏற்பாட்டை நம்பிப் பிள்ளைகளைச் சன்ரூஃபில் எழுந்து நிற்க விடுவது விபரீதம். அவசர பிரேக் போட்டால் நெஞ்சில் மோதுவது மோட்டார் ஓட்டும் கண்ணாடி இல்லை, அசையாத கூரை விளிம்பு. அதற்கு எந்த உணரியும் உதவாது. தாழ்ந்த மரக்கிளையும் குறுக்கே தொங்கும் கம்பியும் பின்வாங்கத் தெரியாதவை.

தண்ணீருக்கு வழி

ரப்பர் பீடிங் மழைநீரை முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது என்று நினைப்போம். உண்மையில் எந்தச் சன்ரூஃபும் அப்படி வடிவமைக்கப்படுவதில்லை. பலமுறை நகர்ந்து நகர்ந்து உட்காரும் ஒரு கண்ணாடியைச் சுற்றி, பத்து ஆண்டுகள் ஒரு சொட்டும் கசியாத அடைப்பு வேண்டுமென்றால், அதை அழுத்த இன்னும் பெரிய விசை வேண்டும். ரப்பரும் சீக்கிரம் தேயும். எனவே பொறியாளர்கள் வேறு முடிவெடுத்தார்கள்: பீடிங் பெரும்பகுதி நீரைத் தடுக்கட்டும், மீறி வருவதை அடியில் ஏந்திக்கொள்வோம்.

ஓட்டையைச் சுற்றிலும், கண்ணாடிக்குக் கீழே, ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளிலிருந்து விரல் தடிமனிலும் மெல்லிய குழாய்கள் புறப்படுகின்றன. முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களுக்குள் இறங்கி முன்கதவுக் கீல் பக்கமோ சக்கர வளைவிலோ வெளியேறும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண்கள் வழியே கீழே போகும். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 0.45 சதுர மீட்டர் கண்ணாடி மேல் விழுவது 45 லிட்டர். பத்தில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்தில் நாலரை லிட்டர் தண்ணீர் உங்கள் தலைக்கு மேலே ஓடி, தூண் வழியே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

சன்ரூஃப் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கிருந்து பிறக்கின்றன. பீடிங் நன்றாகவே இருக்கும். வேப்பம்பூவும் சருகும் தூசியும் சேர்ந்து குழாய் வாயை அடைத்திருக்கும். வாய்க்கால் நிரம்பி வழிந்து, நீர் உள்விரிப்பை நனைத்து, காலடிப் பாயில் தேங்கும். மேலே இருக்கும் பழுது கீழே தெரிவதால் பலர் வேறெங்கோ தேடுவார்கள். அடைப்பை எடுக்கக் காற்றடிக்கும் இயந்திரத்தைப் பிடிப்பது நல்லதல்ல. அழுத்தத்தில் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் தண்ணீர் நேரே தூணுக்குள் கொட்டும். மெல்லிய நைலான் நரம்பை நுழைத்து மெதுவாகத் துழாவுவதே போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை செய்துவிட்டால் அந்த ஆண்டுக் கவலை தீர்ந்தது.

காற்றின் உறுமல்

முழுவதும் திறந்து வைத்து மிதமான வேகத்தில் போகும்போது சில கார்களில் காதை அடைக்கும் ஓர் உறுமல் எழும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஓசை வருகிறதே, அதே இயற்பியல். திறப்பின் வாயிலுள்ள காற்று ஒரு கட்டியாக ஏறி இறங்க, உள்ளே அடைபட்ட காற்று வில்லாக வேலை செய்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்பார்கள். காருக்குள் 3 கன மீட்டர் காற்று, 80க்கு 40 சென்டிமீட்டர் திறப்பு என்று கணக்கிட்டால் விநாடிக்கு 20 முதல் 25 அதிர்வுகள் வருகின்றன. மனிதக் காது கேட்கக்கூடிய கீழ் எல்லையே 20தான். அதனால் அதைச் சத்தமாகக் கேட்பதைவிட அழுத்தமாக உணர்கிறோம்.

இதை ஊதுவது யார்? திறப்பின் முன்விளிம்பில் காற்று சுழல்களாக உடைந்து, காரின் வேகத்தில் பாதி வேகத்தில் திறப்பைக் கடக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அந்த 40 சென்டிமீட்டரைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதாவது விநாடிக்கு 20 சுழல்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய பொருந்திவிட்டதால் உறுமல் எழுகிறது. வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது அடங்கும். பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கினாலும் அடங்கும்.

இதைத் தடுக்க முன்விளிம்பில் ஒரு காற்றுத் தடுப்பு இருக்கிறது. அதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. கண்ணாடி பின்னால் போனதும் ஸ்பிரிங் அதை எழுப்பிவிடும். திரும்பி வரும் கண்ணாடி அதை அமுக்கிப் படுக்க வைக்கும். எழுந்து நிற்கும் தடுப்பு காற்றைத் திறப்புக்கு மேலாகத் தூக்கி அனுப்பிச் சுழல்களைக் குலைக்கிறது. பல கார்களில் ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி முழுவதும் திறக்காமல் சற்று முன்பே நின்றுவிடுவதற்கும் இந்த உறுமல்தான் காரணம். உறுமல் குறைவாக இருக்கும் இடத்தைச் சோதித்துப் பார்த்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். முழுவதும் திறக்க இன்னொருமுறை அழுத்த வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய கார் வாங்கும்போது விற்பவர் சன்ரூஃபைத் திறந்து காட்டுவார். நீங்கள் மூடும் நேரத்தைக் கவனியுங்கள். கண்ணாடியின் இரண்டு முன்மூலைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும்; ஒன்று பிந்தினால் ஒரு பக்கக் கேபிள் பல் தாண்டியிருக்கலாம். கடைசியில் கண்ணாடி எழும்பி உட்காரும்போது சொடுக்கோ முனகலோ கேட்டால் பள்ளமோ ஊசியோ தேய்ந்திருக்கலாம். பாதியில் திரும்பிப் போனால் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். மூடிய பிறகு கூரையையும் கண்ணாடியையும் சேர்த்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முன்விளிம்பு இடறக் கூடாது.

பிறகு திறந்து, வாய்க்காலின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்குக் கீழே அந்தந்தப் பக்கம் அது சொட்டினால், விலை பேச ஆரம்பிக்கலாம்.